எலும்பு வளர இடம்: பல் பதியத்துக்கு முன் தாடையையும் ஈற்றையும் மீட்டெடுத்த வரலாறு

காரைக்கால் 1739 பிப்ரவரியில் பிரெஞ்சுக் கம்பெனியின் கைக்கு மாறியது. தஞ்சை மராட்டிய அரியணைச் சண்டையில் முடிந்த பேரம் அது. திருநள்ளாறும் சுற்றுக் கிராமங்களும் பின்னால் சேர்ந்தன. கம்பெனி இந்தக் கரையில் தேடியது பெரும்பாலும் துணியை. சோழமண்டலத்துச் சாயவேர்ச் சிவப்புக்கு ஐரோப்பாவில் அப்படியொரு கிராக்கி. அதே 1739க்குரிய பாரிஸ் அறிவியல் கழக ஏட்டில், தாவரவியலாளர் துயாமெல் துய் மோன்சோ உயிருள்ள விலங்கின் எலும்பைச் சிவப்பாக்கும் ஒரு வேரைப் பற்றி எழுதினார். இந்த இரு செய்திகளுக்கும் நடுவே ஒரு நூல் ஓடுகிறது. அது துணி நூல்தான்.

இந்தியத் துணியைப் பார்த்துப் படியெடுக்கும் அச்சுத் தொழில் அப்போது லண்டனில் பெருகியிருந்தது. 1736இல் ஜான் பெல்ச்சியர் என்ற அறுவை மருத்துவர் துணி அச்சடிக்கும் ஒருவர் வீட்டில் விருந்துண்டார். பரிமாறிய பன்றி இறைச்சியில் எலும்பு சிவந்திருந்தது. அச்சுத் துணியை வெளுக்கப் பயன்பட்ட தவிட்டைப் பன்றிகளுக்குப் போட்டிருந்தார்கள். அதில் மஞ்சிட்டி இனத்து வேரின் சாயம் ஊறியிருந்தது. பெல்ச்சியர் இதை ராயல் சொசைட்டிக்கு எழுத, துயாமெல் அதைப் பிடித்துக்கொண்டார். நம் சாயவேரும் அந்த வேரும் ஒரே தாவரக் குடும்பம். நம் பக்கத்துச் சாயமிடும் முறையை இங்கிருந்த பிரெஞ்சுப் பாதிரியார் கேர்தூ 1742இல் விரிவான கடிதமாகப் பாரிசுக்கு எழுதியனுப்பியதும் இதே ஆண்டுகளில்தான். சாயத்தை ஒருவர் ஆராய, சாயம் ஏறிய எலும்பை இன்னொருவர் ஆராய்ந்தார்.

துயாமெல் விலங்குகளுக்குச் சில வாரம் சாயவேரைக் கலந்தும் சில வாரம் கலக்காமலும் தீனி போட்டார். எலும்பை அறுத்துப் பார்த்தபோது சிவப்பும் வெள்ளையும் மாறி மாறி அடுக்காக இருந்தன. எலும்பைப் போர்த்தியிருக்கும் மெல்லிய உறைக்கு அடியில் வெள்ளிக் கம்பிகளைச் செருகி வைத்தார். பிறகு தேடியபோது கம்பிகள் எலும்புக்குள் புதைந்துகிடந்தன. மரப்பட்டைக்கு அடியில் புது மரம் அடுக்காக ஏறுவதுபோல எலும்புறைக்கு அடியில் புது எலும்பு ஏறுகிறது என்று முடிவு செய்தார். ஹாலர் முதலிய பெரியவர்கள் ஒப்பவில்லை. இரத்தக் குழாய்களே எலும்பைப் படைக்கின்றன, உறைக்கு அதில் பங்கில்லை என்றார்கள். இன்று பார்த்தால் இரு தரப்பும் பாதி சரி; அந்தச் சண்டையின் மிச்சம் இன்றைய பல் மருத்துவத்திலும் இருக்கிறது.

பல் பதியம் (இம்ப்ளான்ட்) வைக்கப் போதிய எலும்பில்லாத தாடையில் எலும்பையும் ஈற்றையும் முதலில் மீட்டுக்கொள்ளும் சிகிச்சைகளைப் பொதுவாக ஒட்டுப் பொருள்களின் வரிசையாகவே எழுதுகிறார்கள்: முதலில் இடுப்பெலும்பு, பிறகு மாட்டெலும்பு, பிறகு செயற்கைத் துகள் என்று. அந்த வரிசை வணிகர்களுக்கு வசதியானது. வரலாற்றை அது சரியாகச் சொல்வதில்லை. எலும்பை நிரப்புவது எப்படி என்று நூறாண்டுக்கு மேல் கேட்டவர்கள், எலும்பு தானே வளர இடத்தைக் காத்துத் தருவது எப்படி என்று கேட்கத் தொடங்கியபோதுதான் கதை திரும்பியது. இக்கட்டுரை அந்தத் திருப்பத்தைத் தேடுகிறது. அதில் சென்னைக்கும் ஓர் இடமுண்டு.

தாடையெலும்பு ஏன் கரைகிறது என்பதற்கு முதல் நல்ல விடை 1771இல் ஜான் ஹன்டர் எழுதிய பற்களின் இயற்கை வரலாற்று நூலில் இருக்கிறது. பல்லைப் பிடித்திருக்கும் எலும்பு விளிம்பு உண்மையில் தாடைக்குச் சொந்தமில்லை, பல்லுக்கே சொந்தம் என்றார் அவர். பல்லோடு தோன்றி, பல்லோடு வளர்ந்து, பல் போனதும் அதுவும் போய்விடுகிறது. இந்த வாக்கியத்தை அளந்து காட்ட இரண்டு நூற்றாண்டு பிடித்தது. 1972இல் டால்கிரென் வெளியிட்ட 25 ஆண்டுக் கண்காணிப்பு, பல் செட் அணிந்தவர்களின் கீழ்த்தாடை முன்விளிம்பு மேல்தாடையைவிட ஏறத்தாழ நான்கு மடங்கு குறைவதைக் காட்டியது. ஒரு பல்லைப் பிடுங்கிய இடத்தை ஓராண்டு தொடர்ந்த ஷ்ரோப்பும் கூட்டாளிகளும் 2003இல் எழுதினார்கள்: விளிம்பின் அகலம் 12 மி.மீட்டரிலிருந்து 5.9 மி.மீட்டராகச் சுருங்கியது. அந்தச் சுருக்கத்தில் மூன்றில் இரண்டு பங்கு முதல் மூன்று மாதத்திலேயே முடிந்துவிட்டது. பல்லைப் பிடுங்கிக்கொண்டு, “மெதுவாப் பார்த்துக்கலாம்” என்று வீட்டுக்குப் போகிறவர் இழப்பது இந்த மூன்று மாதத்தை.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் லியோன் நகரத்து ஒல்லியே, துயாமெலின் உறையை மீண்டும் கையிலெடுத்தார். எலும்புறையைப் பெயர்த்து வேறிடத்தில் வைத்தாலும் அங்கே எலும்பு உண்டாகிறது என்று விலங்குகளில் காட்டி, 1867இல் எலும்பு மீளாக்கம் பற்றி இரு தொகுதி நூலாக வெளியிட்டார். கிளாஸ்கோவில் மெக்யூவன் நேர் எதிரானவர். எலும்புத் துண்டே எலும்பை வளர்க்கிறது, உறை வெறும் எல்லைக்கோடு என்றார். 1880ஐ ஒட்டி, கையெலும்பை இழந்த ஒரு சிறுவனுக்கு வேறு குழந்தைகளின் வளைந்த கால்களை நிமிர்த்தும்போது வெட்டியெடுத்த சில்லுகளை வைத்துக் கையை மீட்டார். பிறர் எலும்பு ஒருவர் உடலில் வேலை செய்ததற்கு நம்பத்தகுந்த முதல் பதிவுகளில் இது ஒன்று. ஒட்டு வைப்பது என்ற வழக்கத்துக்கு வலு வந்தது இங்கேதான்.

முதல் உலகப் போரின் பதுங்குகுழிகள் தாடை சிதைந்த ஆயிரக்கணக்கானோரைத் திருப்பி அனுப்பின. பாரிசின் வால்-தெ-கிராஸ் மருத்துவமனையில் மொரெஸ்தேன், இங்கிலாந்தில் கில்லீஸ் ஆகியோர் இடுப்பெலும்பையும் விலாவையும் எடுத்துத் தாடையை ஒட்டினார்கள். பிரெஞ்சிந்தியாவிலிருந்தும் அந்தப் போருக்கு ஆட்கள் போனார்கள். புதுச்சேரிக் கடற்கரையின் நினைவுச் சின்னம் அவர்களுக்காக எழுப்பப்பட்டது. இந்த அறுவைகளின் நோக்கம் முகத்துக்கு உருவம் தருவது, கஞ்சியாவது குடிக்க வைப்பது. அதன் மேல் பல் நட வேண்டும் என்ற எண்ணமே அப்போது இல்லை. பிறகு பல் செட் நிற்பதற்காகத் தேய்ந்த தாடை மீது விலா எலும்பை ஏற்றிவைத்தார்கள். அது சில ஆண்டுகளில் பெரும்பகுதி கரைந்து போயிற்று. பல் செட்டின் அழுத்தம் எலும்பைத் தின்னும். பல் வேரின் இழுவிசை எலும்பைக் காக்கும். ஹன்டர் சொன்னதை மறந்ததன் விலை அது.

பல் வேருக்குப் பதிலாக ஒன்றைத் தந்தவர் ஸ்வீடனின் பிரோனமார்க். 1952இல் லுண்ட் நகரில் முயலின் காலெலும்பில் இரத்த ஓட்டத்தைப் பார்க்க டைட்டானியக் கண்ணாடிக் கூடு ஒன்றைப் பொருத்தியிருந்தார். ஆய்வு முடிந்து கழற்றப் போனால் வரவில்லை. எலும்பு உலோகத்தைப் பற்றிக்கொண்டிருந்தது. 1965இல் யோத்தபோரி நகரில் யோஸ்தா லார்சன் என்பவரின் கீழ்த்தாடையில் முதல் பதியங்களை வைத்தார். லார்சன் 2006இல் இறக்கும்வரை அவை நின்றன. 1982இல் டொரான்டோவில் நடந்த மாநாட்டுக்குப் பிறகுதான் வட அமெரிக்கா இதை ஏற்றது. புதிய சிக்கலும் அங்கேயே முளைத்தது. பதியத்தைச் சுற்றி எல்லாப் பக்கமும் ஒன்றிரண்டு மில்லிமீட்டராவது எலும்பு வேண்டும். பல் போய்ப் பத்தாண்டு கழித்து வருபவரிடம் அது இருப்பதில்லை. மேல்தாடைக் கடைவாயில் கன்னத்துக் காற்றறை கீழிறங்கி, பதியத்துக்கான உயரத்தையும் விழுங்கிவிடுகிறது. அந்த அறையின் சவ்வைக் கிழியாமல் தூக்கி, அடியில் எலும்பை இடும் முறையை டேட்டம் 1970களில் செய்யத் தொடங்கினார். பாயினும் ஜேம்ஸும் 1980இல் அதை அச்சில் வெளியிட்டார்கள்.

இனிச் சென்னை. 1952இல் முப்பது வயதில் சென்னைப் பல்கலைக்கழக இயற்பியல் துறைக்கு வந்தார் ஜி.என். ராமச்சந்திரன். அழைத்தவர் துணைவேந்தர் ஏ. லட்சுமணசாமி முதலியார், பெயரைச் சொன்னவர் சி.வி. ராமன். அந்நாளில் சென்னைக்கு வந்த படிகவியலாளர் ஜே.டி. பெர்னால், கொலாஜனின் அமைப்பு இன்னும் யாருக்கும் பிடிபடவில்லை என்று பேச்சில் குறிப்பிட்டார். தோல், தசைநாண், ஈறு, எலும்பின் மென்பகுதி எல்லாவற்றையும் தாங்கும் புரதம் அது. ஊன்றிப் பார்க்க நல்ல மாதிரி வேண்டும். அடையாற்றில் 1948 முதல் இயங்கிய மத்தியத் தோல் ஆராய்ச்சி நிறுவனத்தில் கங்காரு வாலின் தசைநாண் கிடைத்தது. அதை எக்ஸ்-கதிரில் வைத்துப் படமெடுத்து, கோபிநாத் கர்த்தாவுடன் 1954இல் ‘நேச்சர்’ இதழில் மும்முறுக்கு அமைப்பை முன்வைத்தார் ராமச்சந்திரன். மூன்று சங்கிலிகள் முறுக்கிக்கொண்டு நிற்க, உள்ளச்சில் ஒவ்வொரு மூன்றாம் இடத்திலும் மிகச் சிறிய அமினோ அமிலமான கிளைசின் மட்டுமே அடங்கும். அடுத்த ஆண்டு அந்த முறுக்கே மீண்டும் ஒரு சுருளாகத் திரும்புவதைச் சேர்த்தார்கள். சங்கிலிகளுக்கிடையிலான ஹைட்ரஜன் இணைப்புகளின் எண்ணிக்கை பற்றி ரிச்சும் கிரிக்கும் மாற்றுக் கருத்து சொன்னார்கள். மும்முறுக்கு என்ற அடிப்படை நிலைத்தது.

ராமச்சந்திரன் பல்லைப் பற்றி நினைத்தவரில்லை. ஆனால் தோல் பதனிடும் தொழிலுக்காக நிறுவிய கூடம் மருத்துவத்துக்கான கொலாஜனையும் ஆராயத் தொடங்கியதற்கு, அந்தப் புரதம் என்ன என்று தெரிந்துகொண்டது ஒரு காரணம் எனலாம். தீப்புண் மூடும் கொலாஜன் தாள், பிறகு ஈற்றுக்கும் எலும்புக்கும் நடுவே வைக்கும் சவ்வு என்று சென்னையில் அது பல வடிவங்களில் கைக்கு வந்தது. மீனிலிருந்து எடுத்த கொலாஜனும் அவற்றில் உண்டு.

சவ்வு எதற்கு? இந்தக் கேள்விக்கான விடைதான் நான் முன்பு சொன்ன திருப்பம். புண் ஆறும்போது எந்த உயிரணு முதலில் இடத்தைப் பிடிக்கிறதோ அந்தத் திசு அங்கே உண்டாகும் என்று 1976இல் மெல்ச்சர் எழுதினார். மேல்தோல் அணுக்கள் ஓடிவந்துவிடும். ஈற்றின் நார்த்திசு அடுத்தது. எலும்பு மந்தம். நாம் எலும்பை நிரப்பினாலும் நிரப்பாவிட்டாலும், ஈறு உள்ளே இறங்கினால் எலும்பு தோற்றது. 1982இல் யோத்தபோரியில் நைமனும் கூட்டாளிகளும் ஒரு மனிதப் பல்லுக்குப் பக்கத்தில் வடிகட்டித் தாள் ஒன்றை வைத்து ஈற்றைத் தடுத்தார்கள். பல்லைப் பிடித்திருக்கும் நார்கள் மீண்டும் வளர்ந்தன. 1988இல் டாலின் எலிகளின் தாடையில் துளையிட்டு, ஒரு பக்கத்தை மட்டும் சவ்வால் மூடினார். மூடிய பக்கம் எலும்பால் அடைந்தது. மூடாத பக்கம் நார்த்திசுவால் நிரம்பியது. அந்தத் துளையில் யாரும் எலும்பு வைக்கவில்லை. இடத்தைக் காத்தார்கள், அவ்வளவுதான். முதுகெலும்பு அறுவையில் ஹர்லி 1959இலேயே இப்படி ஒன்றைச் செய்து பார்த்திருந்தார்; பல் உலகம் அதைக் கவனிக்க முப்பதாண்டு ஆயிற்று.

முதல் சவ்வுகள் மழைக்கோட்டுத் துணியில் புழங்கும் டெஃப்லான் வகை. உடலில் கரையாது, மறுபடி அறுத்து எடுக்க வேண்டும். ஈறு பிளந்து சவ்வு வெளியே தெரிந்தால் கிருமி ஏறி எல்லாம் வீண். 1990களில் கரையும் கொலாஜன் சவ்வுகள் பரவியதற்கு இந்தத் தொல்லையே காரணம். அறுவையின் போக்கையும் கொஞ்சம் பார்க்கலாம். ஈற்றை எலும்புறையோடு சேர்த்துத் தூக்குவார்கள். கெட்டியான எலும்புப் பரப்பில் சிறு துளைகள் போட்டு இரத்தம் கசிய விடுவார்கள். இடம் அமுங்காமலிருக்க எலும்புத் துகளை இட்டுச் சவ்வைப் போர்த்திச் சிறு ஆணிகளால் நிறுத்துவார்கள். உப்பிய மேட்டின் மேல் ஈறு எட்டாது. அப்போது ஈற்று மடலின் உட்புறமுள்ள எலும்புறையில் மட்டும் மெல்லக் கீறல் போட்டால் மடல் நீண்டு கொடுக்கும், இழுப்பில்லாமல் தைக்கலாம். துயாமெலின் வெள்ளிக் கம்பி கிடந்த அதே உறை. மூடல், இரத்தம், இடம், அசையாமை என்ற நான்கையும் வாங் என்ற ஆய்வாளர் 2006இல் ஒரு சூத்திரமாகவே சுருக்கித் தந்தார். அதன் பிறகு நான்கு முதல் ஒன்பது மாதம் காத்திருப்பு. ஏழரைச் சனியைக் கழிக்கத் திருநள்ளாற்றுக்கு வருகிறவர்களுக்கு இது பெரிய கணக்கில்லைதான்.

துகள் எதிலிருந்து வருகிறது என்பதில் இங்கே கொஞ்சம் நின்று பேச வேண்டும். காரைக்கால் மாவட்டம் ஒரு சிறு நிலத்துண்டில் தர்பாரண்யேசுவரர் கோயிலையும் மஸ்தான் சாகிப் தர்காவையும் தேவமாதா ஆலயத்தையும் வைத்திருக்கிறது. உலகில் அதிகமாகப் பயன்படும் விலங்குத் துகள் மாட்டெலும்பு. புரதம் முழுதும் நீக்கி, தாது மட்டும் எஞ்சியது. அதிகம் பயன்படும் கொலாஜன் சவ்வு பன்றியிலிருந்து எடுத்தது. இங்கே நாற்காலியில் உட்காரும் மூன்று பேரில் இருவருக்காவது இவற்றில் ஒன்றைப் பற்றிக் கேட்கக் கேள்வி இருக்கும். “பவுடர் வைக்கிறோம்” என்று சொல்லிவிட்டு வேலையை முடிப்பது எளிது, முறை ஆகாது. மாற்று இல்லாமலும் இல்லை. மும்பை டாடா நினைவு மருத்துவமனையின் திசு வங்கி 1988 முதல் இயங்குகிறது. கொடையாகக் கிடைத்த மனித எலும்பையும் பனிக்குடச் சவ்வையும் கதிர்வீச்சால் தூய்மையாக்கித் தருகிறது. இந்தியப் பல் மருத்துவக் கல்லூரிகளின் ஈற்று ஆய்வுகள் பலவற்றில் அந்தச் சவ்வு இருக்கிறது. திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிறுவனம் செயற்கை எலும்புத் தாதுக்களை உருவாக்கியிருக்கிறது. சென்னையின் மீன் கொலாஜன் கடலோர மாவட்டத்துக்குப் பொருத்தமானது என்றே சொல்லலாம். திருநள்ளாற்றுப் பதிகத்தை நெருப்பிலிட்டு வேகாமல் எடுத்த சம்பந்தர், மயிலையில் ஒரு பெண்ணை எலும்பிலிருந்து உயிர்ப்பித்தார் என்பது மரபு. அவரிடம் ஒட்டு எலும்பு எந்த விலங்கினுடையது என்று யாரும் கேட்க வேண்டியிருக்கவில்லை.

தன் எலும்புக்கு ஈடு இன்னும் வரவில்லை என்பதே பெரும்பாலோர் கருத்து. முகவாயிலிருந்தோ கடைவாய்க்குப் பின்னாலிருந்தோ எடுத்த எலும்பில் உயிரணுவும் வளர்ச்சிப் புரதமும் இருக்கும். ஆனால் அது சுருங்கும். மாட்டுத் துகள் ஏறக்குறைய கரையவே கரையாது. இரண்டையும் கலப்பது இன்றைய வழக்கம். எலும்பை உண்டாக்கத் தூண்டும் புரதம் ஒன்றிருப்பதை 1965இல் யூரிஸ்ட் கண்டார். சுண்ணாம்பை நீக்கிய எலும்பைத் தசைக்குள் வைத்தபோது தசையிலேயே எலும்பு முளைத்தது. அந்தப் புரதம் காற்றறைக்கும் தாடை விளிம்புக்கும் மருந்தாக அமெரிக்காவில் அனுமதி பெற்றது 2007இல். விலை கனம், வீக்கமும் கனம்.

ஈற்றின் கதை தனியாக ஓடியது. 1792இல் திப்புவின் படையிடம் மூக்கிழந்த கௌசாஜி என்ற வண்டிக்காரருக்கு நெற்றித் தோலைக் காம்போடு திருப்பி மூக்கு வைத்த செய்தி 1794இல் லண்டன் இதழில் வந்தது. இரத்தக் காம்பு அறாதவரை தோல் வாழும் என்ற அந்த நாட்டு வைத்திய அறிவு ஐரோப்பிய ஒட்டறுவைக்கு அடித்தளமானது. அண்ணத்துத் திசுவைக் காம்போடு திருப்பிப் பதியத்தின் மேல் போர்த்தும்போது இன்றும் அதே கணக்குதான். காம்பில்லாமல் அண்ணத்துத் தோலை எடுத்து ஒட்டும் முறையை 1963இல் பியோர்ன் பதிந்தார். மேல்தோலை விட்டு உள்நார்த் திசுவை மட்டும் எடுப்பதை 1974இல் ஈடல் காட்டினார். 1985இல் லாங்கர் என்ற பெயருடைய இருவர் அதைப் பரவலாக்கினார்கள். இவையெல்லாம் பல்லுக்காகச் செய்தவை. பதியத்துக்கு ஈறு எவ்வளவு முக்கியம் என்பது மெல்லத்தான் உறைத்தது. 2 மி.மீட்டருக்குக் குறைந்த மெல்லிய ஈற்றின் கீழ் முதலாண்டிலேயே எலும்பு இறங்குகிறது என்று லின்கெவிசியஸ் 2009இல் அளந்து சொன்னார். எலும்புக்காரர்கள் ஈற்றைத் துணி என்று நினைத்தார்கள், அது கூரை.

பிரான்சிலிருந்து இன்னொரு முறை ஏதோ இங்கே வந்து சேர்ந்தது. 2001இல் நீஸ் நகரத்து ஷூக்ரூன், நோயாளியின் இரத்தத்தை எடுத்து எதையும் கலக்காமல் சுழற்றினார். நடுவில் ஃபைப்ரின் பஞ்சுக்கட்டி நின்றது. அதைத் தட்டி மெல்லிய சவ்வாக்கினார். மருந்துச் செலவில்லை, மத வினாவுமில்லை. ஒரு சுழற்றி இயந்திரம் போதும். இந்தியப் பல் கல்லூரிகளில் இது காட்டுத்தீயாய்ப் பரவியதில் வியப்பில்லை. முதுகலை ஆய்வேடுகளில் பாதி இதைப் பற்றியதோ என்று தோன்றும். ஈறு ஆறுவதற்கு இது நல்லது. பெரிய எலும்புப் பள்ளத்தை இது தனியே நிரப்பும் என்று சொல்பவர்களை நம்ப எனக்குத் தயக்கம்.

இந்தியாவில் இந்தக் கலை பரவிய தடம் நீளமானது. 1920இல் கல்கத்தாவில் ரஃபியுத்தீன் அகமது தொடங்கிய கல்லூரி, 1948இன் பல் மருத்துவர் சட்டம், 1953இல் சென்னை மருத்துவக் கல்லூரியின் பல் பிரிவு, 1980இல் சிதம்பரத்தில் ராஜா முத்தையா பல் மருத்துவக் கல்லூரி, 1990இல் புதுச்சேரி அரசின் மகாத்மா காந்தி பல் மருத்துவக் கல்லூரி என்று அது வருகிறது. திருநள்ளாற்றிலிருந்து காரைக்கால் 5 கி.மீ; புதுச்சேரி 130 கி.மீ அளவு. ஒட்டு வைத்து, மாதக்கணக்கில் காத்து, பதியம் வைத்து, மீண்டும் காத்து, பல் மாட்டும் சிகிச்சைக்குப் பேருந்துப் பயணமும் விடுப்பும் சேர்ந்துதான் செலவு.

2021இல் கோவிட் அலையோடு வந்த கரும்பூஞ்சை மேல்தாடையையே பலரிடம் பறித்தது. தமிழ்நாடு அதை அந்த மே மாதத்தில் அறிவிக்க வேண்டிய நோயாக்கியது. பூஞ்சை தின்ற தாடையில் துகளும் சவ்வும் செல்லாது. இடத்தைக் காக்கச் சுவரே இல்லை. கன்ன எலும்பில் ஊன்றும் நீண்ட பதியங்களும், ஒவ்வொருவர் ஸ்கேனுக்கேற்ப அச்சிட்ட டைட்டானியச் சட்டங்களும் அப்போது இந்திய மருத்துவமனைகளில் கைப்பழக்கமாயின. கீழ்க்காலின் வெளிப்பக்கத்து மெல்லிய எலும்பை இரத்தக் குழாயோடு எடுத்துத் தாடையாக்கும் முறை 1989இல் ஹிடால்கோ காட்டியது; புற்றுநோய்த் தாடைகளுக்கு அதுவே வழக்கம். இன்னொரு பக்கம், 6 மி.மீ நீளக் குட்டைப் பதியங்களும் 2003இல் லிஸ்பனில் மாலோ பரப்பிய சாய்வுப் பதியங்களும் பலருக்கு ஒட்டு வேலையையே தேவையற்றதாக்கிவிட்டன. மேல்நோக்கி எலும்பை உயர்த்துவது இன்றும் கடினம், தோல்வியும் மிகுதி. உயர்த்தாமல் முடியும் என்றால் உயர்த்தாமலிருப்பதே நல்லது என்ற கருத்து வலுத்துவருகிறது. அது சரியென்றே நினைக்கிறேன்.

நம் ஊருக்கென்று ஒரு கணக்கும் இருக்கிறது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் நீரிழிவுக் கணக்கெடுப்பு 2023இல் வெளிவந்தது. வயது வந்தோரில் நீரிழிவு உள்ளவர்கள் புதுச்சேரி ஒன்றியப் பகுதியில் 26.3 விழுக்காடு, கோவாவுக்கு அடுத்து நாட்டிலேயே அதிகம். கட்டுப்படாத சர்க்கரை ஈற்று நோயை வளர்த்து எலும்பைத் தின்னும். பிறகு வைக்கும் ஒட்டையும் ஆறவிடாது. வெற்றிலை பாக்கோடு புகையிலையும் சேர்ந்தால் இரட்டைச் சேதம். ஆகவே காரைக்கால் மாவட்டத்தில் இந்தச் சிகிச்சையின் முதல் படி ஸ்கேன் அறையில் இல்லை. மூன்று மாதச் சராசரிச் சர்க்கரைச் சோதனையிலும், பல்லைப் பிடுங்கும் அன்றே குழியைத் துகளும் சவ்வும் கொண்டு காத்துவைப்பதா என்று நோயாளியிடம் கேட்பதிலும் இருக்கிறது. குழியைக் காப்பதால் சுருக்கம் முழுதும் நிற்காது. பாதியளவு குறைந்தாலும் பின்னால் பெரிய ஒட்டறுவையைத் தவிர்க்கப் பல நேரம் அது போதும்.